எந்தத் தெரு என்று கேட்பதா, எந்த பஸ் என்று கேட்பதா? ஜவுளிக்கடைக்கு ஆள் எடுக்க நான்கு வழிகள்

பெரியம்மா மகன் மன்னார்குடியில் இரண்டாவது ஜவுளிக்கடை போடுகிறான். கீழே சேலையும் சுடிதாரும், மாடியில் ஆண்கள் துணியும் குழந்தைகள் துணியும். பில்லிங், பேக்கிங், குடோன், வாட்ச்மேன் எல்லாம் சேர்த்து 24 பேர் வேண்டும், ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் கடையைத் திறந்தாக வேண்டும். போன வாரம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். "அக்கா, ஆள் எடுக்க எந்த வழியில போகலாம்னு நீ சொல்லு. நீதான் பதினேழு வருஷம் கும்பகோணத்துல கடையில நின்னுருக்க. எல்லாருக்கும் வாய்ப்புக் குடுக்கிற கடையா இருக்கணும்னு ஆசை, ஆனா வியாபாரமும் நடக்கணும்" என்றான். அந்த ஆசை அவனுக்கு வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பேசினோம். டெல்டாவில் கடை வைத்திருக்கிற, வைக்கப்போகிற மற்றவர்களுக்கும் உதவும் என்று அதை இங்கே எழுதுகிறேன்.

அவன் முன்னால் நான்கு வழி இருந்தது. தெரிந்தவர்கள் சொல்கிற ஆளை எடுப்பது ஒன்று. ஏஜென்ட்டிடம் சொல்லி வெளியூர்ப் பிள்ளைகளைக் கொண்டுவந்து தங்கவைத்து வேலை வாங்குவது இன்னொன்று. போர்டு வைத்து, வருகிற எல்லாரையும் ஒரே மாதிரி பார்த்து எடுப்பது மூன்றாவது. இத்தனை இடம் இன்னாருக்கு என்று நாமே ஒதுக்கி வைத்து நிரப்புவது நான்காவது. நான் சொன்னது மூன்றாவது வழி, நான்காவதிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து அதோடு ஒட்டச் சொன்னேன்.

தெரிந்தவர் வழியை நான் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், நானே அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். சித்தப்பா முதலாளிக்குப் பழக்கம், ஒரு வார்த்தை சொன்னார், மறுநாள் காலை சேலை செக்‌ஷனில் மடிக்க நின்றேன். யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்த வழியில் செலவு கிடையாது, ஒரு வாரத்தில் கடை நிரம்பிவிடும், ஆள் சொல்லாமல் நின்றுவிட்டால் சொல்லிவிட்டவரைப் பிடித்துக் கேட்கலாம், கல்லாவில் கை வைக்க மாட்டார்கள் என்று ஒரு தைரியம். நம் பக்கத்தில் மளிகைக்கடை முதல் நெல் மண்டி வரைக்கும் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் ஓடுகிறது.

ஆனால் முதலாளிக்குத் தெரிந்தவர்கள் யார்? அவர் தெருக்காரர்கள், அவர் சாதிக்காரர்கள், கோயில் கமிட்டியில் கூட இருப்பவர்கள், ரைஸ் மில் பங்காளி. அவர்கள் யாரைச் சொல்வார்கள்? அவர்களுக்குத் தெரிந்தவர்களை. ஆக 24 பேரும் மூன்று நான்கு தெருவிலிருந்து வந்து சேர்வார்கள். இதற்கு யாரும் யாரையும் வெறுக்கத் தேவையில்லை, எல்லாரும் நல்லவர்களாகவே இருக்கலாம், அப்படி இருந்தும் கதவு ஒரு பக்கம் சாத்தியே இருக்கும். 2011 கணக்கெடுப்பில், மன்னார்குடி இருக்கிற திருவாரூர் மாவட்ட மக்களில் ஏறக்குறைய 34 சதவீதம் பட்டியல் சாதியினர், தமிழ்நாட்டிலேயே அதிகம். நான் வேலை பார்த்த கும்பகோணத்துக் கடைக்குத் திருவாரூர்ப் பக்கத்திலிருந்தும் கல்யாணத் துணி எடுக்க வருவார்கள், நெல் விற்ற காசு, கூலிக் காசு எல்லாம் எங்கள் கல்லாவுக்கு வந்திருக்கிறது. பதினேழு வருடத்தில் அந்த மக்களில் ஒருவர் பில்லிங் கவுன்ட்டரில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குடோனில் இருந்தார்கள், லாரியில் பேல் இறக்கினார்கள், மூன்று வேளை கடையைக் கூட்டித் துடைத்தார்கள்.

கடைக்குள் நுழைவதிலிருந்து யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு பெயர் சொல்லியே சொல்கிறது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் யார் நிற்பது என்று வரும்போது 16-வது பிரிவு பேசுவது அரசு வேலையைப் பற்றி. தீண்டாமையின் பேரில் ஒருவரை வேலையிலிருந்து விலக்கினால் 1955-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம்தான். ஆனால் யார் அப்படி வாய்விட்டுச் சொல்கிறார்கள்? "இப்ப ஆள் வேணாம்மா, அப்புறம் சொல்லி அனுப்புறோம்" என்றுதானே சொல்கிறார்கள்.

ஒரு நாள் நடந்தது. பன்னிரண்டாவதில் வணிகவியல் படித்து, டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் கற்று, சர்டிபிகேட்டோடு ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். சூப்பர்வைசர் எந்த ஊர் என்று கேட்டார், சொன்னாள், தலையாட்டினார். அடுத்து, "எந்தத் தெரு?" டெல்டாவில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வி என்ன கேள்வி என்று விளக்க வேண்டாம். மேலத்தெரு, கீழத்தெரு, குடியானத் தெரு, அக்ரகாரம், காலனி என்று சொன்னால் போதும், சாதிச் சான்றிதழே தேவையில்லை. அவள் சொன்னாள். அவர் சர்டிபிகேட்டை மடித்துக் கையில் கொடுத்து, சொல்லி அனுப்புகிறோம் என்றார். நான் இரண்டடி தள்ளி ஒரு சேலையை மடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்க பில்லிங்கில் ஆள் இல்லாமல் கஸ்டமர்கள் வரிசையில் நின்றார்கள். அவள் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, என் தம்பி கடையில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் அவள்தான்.

தெரிந்தவர் வழியில் இன்னொரு சிக்கல், அது சேர்ந்த பிறகு வரும். சூப்பர்வைசர் முதலாளியின் மச்சான், குடோன் பொறுப்பு மாமா, கணக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்றால் ஒரு பெண்ணுக்குக் கடையில் தொந்தரவு வந்தால் யாரிடம் போவாள்? 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாலியல் தொல்லை புகாரை விசாரிக்க உள் குழு அமைக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. தலைமை ஒரு பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர் கட்டாயம். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். முதலாளி வீட்டு ஆட்களே நிறைந்த கடையில் அந்த வெளி உறுப்பினர் ஒருவர்தான் அவளுக்கு மூச்சு விடுகிற இடம். தம்பிக்கு இந்தக் குழு விஷயமே தெரியாது, முதல் கடையிலும் இல்லை. இரண்டு கடைக்கும் இந்த மாதமே போடச் சொல்லியிருக்கிறேன்.

ஏஜென்ட் வழி அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரே போனில் 24 பேர் வந்து இறங்குவார்கள், கடைக்குப் பின்னாலேயே ஒரு வீடு பிடித்துத் தங்கவைத்தால் ராத்திரி பத்து மணி வரைக்கும் ஆள் இருக்கும், ஊர்த் திருவிழா, காதுகுத்து என்று லீவு கேட்க மாட்டார்கள். தீபாவளிக் கூட்டத்தில் இதன் அருமை எனக்கும் தெரியும். ஆனால் படுக்கிற பாயும் சாப்பிடுகிற தட்டும் முதலாளி கையில் இருக்கிற பிள்ளை, சம்பளம் குறைகிறது என்று எப்படிக் கேட்கும்? வேலையை விட்டால் அன்றைக்கு ராத்திரி எங்கே படுக்கும்? 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று இருக்கிறது, ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக் கூடாது. காலை ஒன்பதிலிருந்து ராத்திரி பத்து என்பது எந்தக் கணக்கிலும் வராது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று அனுமதித்த அரசாணையிலேயே, இரவு எட்டுக்கு மேல் பெண்களை வைக்க எழுத்தில் சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் வண்டியும் கடைக்காரர் பொறுப்பு என்று இருக்கிறது.

அது தவிர ஏஜென்ட் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே வகை ஆள், கல்யாணமாகாத பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானும் அந்த வயதில்தான் சேர்ந்தேன். ஆனால் மன்னார்குடியைச் சுற்றி, முப்பத்தைந்து நாற்பது வயதில், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வேலை தேடுகிற எத்தனை பெண்கள் இருக்கிறார்கள். அறுவடைக்கு இயந்திரம் வந்த பிறகு வயலில் அவர்களுக்கு வேலை நாள் குறைந்துவிட்டது. வளைகாப்புக்கு என்ன எடுப்பார்கள், சம்பந்தி வீட்டுக்கு எந்த விலையில் வைத்துக் கொடுப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரிகிற மாதிரி அந்தச் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. வடமாநிலத்திலிருந்து நடவுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் வேலை கேட்டால் அவர்களையும் எடுக்கலாம், அதே சம்பளத்துக்கு. குறைந்த காசுக்கு நிற்பான் என்பதற்காக எடுப்பது என்றால் அந்த ஆளையும் ஏமாற்றுகிறோம், உள்ளூர் ஆளையும் ஏமாற்றுகிறோம்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன், இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன்.

போர்டு வைத்தால் 24 இடத்துக்கு அதைப்போல் பல மடங்குப் பேர் வந்து நிற்பார்கள், பார்த்து எடுக்கவே ஒரு வாரம் போகும், அதற்கு மேல் மாமா மகனை எடுக்கவில்லை என்று சொந்தத்தில் பேச்சு நின்றுபோகும். இந்தச் செலவுகள் உண்மை, மறைக்கவில்லை. ஆனால் கடை வாசலில் மட்டும் போர்டு வைத்தால் அந்தத் தெருவில் நடக்கிறவர்கள்தான் பார்ப்பார்கள், அதுவும் ஒரு வகையில் தெரிந்தவர் வழியே. ஆகவே நீடாமங்கலம், கூத்தாநல்லூர் பஸ் ஸ்டாண்டு, கிராமத்து நூலகம், மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம், ஜமாஅத், சர்ச், காலனித் தெருமுனை, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் என்று எல்லா இடத்துக்கும் போக வேண்டும். போர்டிலேயே என்ன வேலை, எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு என்று எழுதிவிட வேண்டும். 'சம்பளம் நேரில்' என்று எழுதினால், பேசத் தெரிந்தவருக்கு ஒன்று, பேசத் தெரியாதவருக்கு ஒன்று என்று ஆகிவிடும்.

விண்ணப்பத்தில் தெரு கிடையாது, அப்பா பெயர் கிடையாது, கல்யாணமாகிவிட்டதா என்ற கேள்வி கிடையாது, போட்டோ கிடையாது. பெயர், போன் நம்பர், பதினெட்டு வயது முடிந்ததா, படிப்பு, முன்பு செய்த வேலை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: எந்த பஸ்ஸில் வருவீர்கள், திரும்ப கடைசி பஸ் எத்தனை மணிக்கு? கடைக்காரருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியது அதுதான். ஆதார், முகவரி எல்லாம் ஆளை எடுத்த பிறகு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பதிவுக்குக் கணக்குப் பிள்ளை வாங்கிக்கொள்ளட்டும்.

பார்க்கும்போது பேச்சை வைத்து எடுக்க வேண்டாம் என்றேன். பிரித்த சேலையை மடிக்கச் சொல்லலாம். ஒரு சேலைக்கு மூன்று ரவிக்கைத் துணியில் எது ஒட்டும் என்று கேட்கலாம். தள்ளுபடி போட்டு ஒரு பில் கூட்டச் சொல்லலாம். பத்து சேலை பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகிறவரை எப்படி அனுப்பிவைப்பாய் என்று செய்து காட்டச் சொல்லலாம், ஏனென்றால் அவர்தான் அடுத்த மாதம் கல்யாணத்துக்குத் திரும்பி வருவார். இரண்டு பேர் தனித்தனியாக மார்க் போட்டு, கடைசியில்தான் ஒப்பிட வேண்டும். தேறினவர்களை மூன்று நாள் கடையில் நிற்கவைத்துப் பார்க்கலாம், அந்த மூன்று நாளுக்கும் கூலி கொடுத்துவிட்டு.

சம்பளம் இடத்துக்கு, ஆளுக்கு இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்ற சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. நான் வேலை பார்த்த இடத்தில், எனக்கு அப்புறம் சேர்ந்து நான் பழக்கிவிட்ட பையனுக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம். கேட்டதற்கு, அவனுக்குக் குடும்பம் இருக்கிறது என்றார்கள். எனக்கும்தான் இருந்தது.

பில்லிங் கவுன்ட்டர் பற்றித்தான் தம்பி ரொம்ப யோசித்தான். "நம்பிக்கையான ஆள் வேணும்க்கா." நம்பிக்கை என்ற சொல்லை நாம் சொந்தம் என்ற அர்த்தத்தில்தான் பயன்படுத்துகிறோம். இப்போது ஆளாளுக்கு ஒரு லாகின், எந்தப் பில்லை யார் போட்டார், யார் அழித்தார் என்று கம்ப்யூட்டரில் நிற்கிறது, பாதிப் பணம் கூகுள் பே, ஃபோன்பே என்று நேராக பேங்குக்குப் போகிறது, மீதியை ராத்திரி எண்ணி டேலி பண்ணிவிடலாம். கல்லாவைக் காப்பாற்ற மச்சான் தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது, இப்போது அந்தத் தேவை இல்லை. அந்த நாற்காலி முக்கியம், ஏனென்றால் ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர் ஆகிறவர் பெரும்பாலும் பில்லிங் தெரிந்தவர். அங்கே உட்காரவே விடாத ஆளை, பத்து வருடம் கழித்து 'உனக்குக் கணக்குத் தெரியாது' என்று நிறுத்திவிடுவது சுலபம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்‌ஷன் மாற்றச் சொன்னேன், குடோனில் இருப்பவரும் ஒரு சுற்று கவுன்ட்டருக்கு வர வேண்டும்.

இதில் எனக்குப் பிடிக்காத ஒரு வழக்கத்தையும் சொல்கிறேன். கூத்தாநல்லூர்ப் பக்கமிருந்து வருகிற முஸ்லிம் பெண்கள் நிறைய துணி எடுப்பார்கள் என்பதால் புர்கா செக்‌ஷனுக்கு ஒரு முஸ்லிம் பெண்ணை எடுக்கலாம் என்று தம்பி சொன்னான். எடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் அவளை அந்த ஒரு மூலையிலேயே வைத்துவிட்டால், வாய்ப்புக் கொடுக்கிறோம் என்று சொல்லி அவளைச் சுற்றி நாமே ஒரு சுவர் கட்டுகிறோம். பட்டுச் சேலை விற்கத் தெரிந்தால் பட்டுச் சேலை விற்கட்டும்.

அப்படியானால் மூன்றாவது வழி மட்டும் போதுமா? போதாது. திறந்த கதவு என்றாலும், முன்அனுபவம் உள்ளவர் முன்னால் நிற்பார், அந்த அனுபவம் யாருக்குக் கிடைத்திருக்கிறது என்றால் முன்பு கதவு திறந்திருந்தவர்களுக்கு. இங்கேதான் நான்காவது வழி தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீட்டால் முதல் தலைமுறையாகக் கல்லூரி பார்த்த வீடுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும், அதை நான் முழு மனதோடு மதிக்கிறேன். தனியார் கடைக்கு அந்தச் சட்டம் இல்லை. 24 பேர் கடையில் சாதிக் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டுமென்றால் ஒவ்வொருவரையும் சாதி கேட்க வேண்டும், தெரு வேண்டாம் என்று தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாசல் வழியாக அதே கேள்வியைக் கொண்டுவருவதுபோல் ஆகும். சின்னக் கடையில் ஒரே வாரத்தில் 'அந்த இடத்தில் வந்தவள்' என்று பேரும் கட்டிவிடுவார்கள்.

அதனால் நான் சொன்னது, 24-ல் ஆறு இடத்தை முன்அனுபவமே இல்லாதவர்களுக்கு என்று வைத்துவிடு. மூன்று மாதம் பழக்கு, பழகும் காலத்திலும் சம்பளம் குறைக்காதே. இன்னொன்று, ஒவ்வோர் இடத்தில் கொடுக்கிற விண்ணப்பத்துக்கும் கணக்குப் பிள்ளைக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு நம்பர் வரிசை வை. மார்க் போடுகிறவர்களுக்கு அது தெரியக் கூடாது. கடைசியில் காலனித் தெருமுனையில் வாங்கின விண்ணப்பம் எத்தனை வந்தது, எத்தனை தேறியது என்று பார். வரவே இல்லை என்றால் நம் கடைமேல் அவர்களுக்கு நம்பிக்கை இல்லை, நேரில் போய்ப் பேச வேண்டும். வந்தும் ஒருவர்கூடத் தேறவில்லை என்றால் கோளாறு நாம் பார்க்கிற விதத்தில் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் மட்டும் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கச் சொன்னேன், ஏனென்றால் அங்கே ஆளுக்கு ஏற்றபடி இடத்தைத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. கடை இன்னும் பூச்சு வேலையில்தான் இருக்கிறது, இப்போதே வாசலில் சாய்தளம் போட்டு, பில்லிங் மேசையில் ஒன்றைத் தாழ்வாக அடித்தால் செலவு சொற்பம். பிறகு இடித்துக் கட்டினால்தான் செலவு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 20 பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும், எந்தெந்த வேலை அவர்களுக்குப் பொருந்தும் என்று அதில் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் காது கேளாத ஒரு தம்பி சட்டைப் பிரிவில் இருந்தார். டேப்பை வைத்து அளந்து, கால்குலேட்டரில் விலையைக் காட்டி, விரலால் தள்ளுபடியைச் சொல்லி விற்பார், நிறையப் பேர் அவரைத் தேடியே வருவார்கள். தீபாவளி வந்தால் மட்டும் கூட்டத்தில் சரிப்படாது என்று அவரைக் குடோனுக்கு அனுப்பிவிடுவார்கள், விற்பனைக்கு உண்டான இன்சென்டிவ் கிடைக்கிறதே அந்த மாதத்தில்தான்.

திருநங்கைகள் வேலை கேட்டு வந்தால் என்ன செய்வது என்று தம்பியே கேட்டான். எடு என்றேன். உச்ச நீதிமன்றம் 2014-லேயே அவர்கள் உரிமையை ஒப்புக்கொண்டுவிட்டது, வேலையில் பாகுபாடு கூடாது என்று 2019-ல் சட்டமும் இருக்கிறது. பேட்ஜில் அவர் சொல்கிற பெயரைப் போட வேண்டும், கழிவறையை ஒவ்வொருவராகப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற மாதிரி கட்ட வேண்டும், எந்தச் செக்‌ஷன் பிடிக்கும் என்று அவரையே கேட்க வேண்டும். கஸ்டமர் என்ன சொல்வார்களோ என்ற பயம் இருக்கிறது. முதல் வாரம் யாராவது ஏதாவது சொல்லலாம், அப்போது முதலாளி வந்து அவர் பக்கத்தில் நின்றால் இரண்டாவது வாரம் பேச்சு இருக்காது.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன். கடையை ராத்திரி ஒன்பதரை வரைக்கும் திறந்து வைக்க வேண்டும் என்கிறான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, கிராமத்துப் பெண்ணால் மன்னார்குடிக்கு வந்து வேலை பார்க்க முடிகிறது என்றால் அந்த பஸ்ஸால்தான். ஆனால் உள்கிராமத்துக்குப் போகிற கடைசி பஸ் ஒன்பதரை வரைக்கும் காத்திருக்காது. எல்லாரும் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தாலே போதும், ஒரு வார்த்தை சொல்லாமல் பாதிக் கிராமங்களை வெளியே நிறுத்திவிடலாம்.

ஆக இரண்டு ஷிப்ட். காலை ஒன்பதிலிருந்து ஐந்தரை, மதியம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்பது. கடைசி அரை மணி நேரத்துக்கு டவுனுக்குள் வீடு இருக்கிற சிலர் சம்மதித்து நின்றால் போதும், அதற்கு ஓவர்டைம் உண்டு, எட்டு மணிக்கு மேல் நிற்கிற பெண்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, வீட்டில் கொண்டுபோய் விட வண்டியும் வைக்க வேண்டும். சரி என்றான். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதை நான் அனுபவத்தில் பார்த்தவள். ஜவுளிக்கடையில் வியாபாரம் சாயங்காலம்தான். விற்கிற துணிக்கு இன்சென்டிவ் ஆளுக்கு ஆள் கொடுத்தால், காலை ஷிப்டுக்காரி முழு நேரமும் அடுக்கி, துடைத்து, ஸ்டாக் எடுத்து வைத்துவிட்டுப் போவாள், சாயங்காலம் வருகிறவர் அதை எடுத்துக் காட்டி விற்று இன்சென்டிவ் வாங்கிப் போவார். தூரத்துக் கிராமத்துப் பெண்களும் குழந்தை உள்ளவர்களும் காலை ஷிப்டில்தான் இருப்பார்கள் என்பதால் வருடக் கடைசியில் அவர்கள் கையில்தான் காசு குறையும், பதவி உயர்வுக்கு யார் அதிகம் விற்றார் என்று பார்க்கும்போதும் அவர்கள் பெயர்தான் கீழே இருக்கும். அதனால் இன்சென்டிவ் செக்‌ஷனுக்கு மொத்தமாகப் போய், இரண்டு ஷிப்டுக்கும் சமமாகப் பிரிய வேண்டும். இந்த ஒன்றை மட்டும் ஒரு மணி நேரம் பேசினோம், கடைசியில் ஒப்புக்கொண்டான்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. நாற்காலி ஒவ்வொரு கவுன்ட்டருக்குப் பின்னாலும், 2021-ல் தமிழ்நாடு அந்தக் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைக் கொடுத்துவிட்டது, அதற்கு முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் நரம்பு சுருண்டவர்களில் நானும் ஒருத்தி. லீவில், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக மீதி 5 பண்டிகை நாட்களை, ரம்ஜானா தீபாவளியா கிறிஸ்துமஸா என்று முடிந்தவரை அவரவர் விருப்பப்படி முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது. எல்லாருக்கும் தீபாவளி என்று முடிவு கட்ட வேண்டாம்.

பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம் கொடுத்து எப்படிக் கட்டுப்படியாகும் என்று கேட்டான். புதிதாகக் கல்யாணமான பெண்களை எடுக்கக் கடைக்காரர்கள் தயங்குவதே இதனால்தான். இஎஸ்ஐயில் ஒழுங்காகப் பதிந்து பணம் கட்டி வந்தால், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிற ஊழியருக்கு அந்தப் பிரசவகாலச் சம்பளத்தை இஎஸ்ஐதான் கொடுக்கிறது. முதலாளி கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதம், ஊழியர் 0.75. பதியாமல் வவுச்சரில் சம்பளம் கொடுக்கிற கடைக்காரருக்குத்தான் பிரசவம் செலவு.

முழுக்க என் பேச்சைக் கேட்டான் என்று சொல்ல மாட்டேன். ஒரு பில்லிங் கவுன்ட்டரில் மச்சான் இருந்தே ஆக வேண்டும் என்கிறான், வீட்டில் சண்டை வரும், எனக்கும் புரிகிறது. மற்ற இரண்டு கவுன்ட்டரும் போர்டு பார்த்து வருகிறவர்களுக்கு. தீபாவளி மாதத்துக்கு மட்டும் ஏஜென்ட்டிடம் ஆள் கேட்கலாமா என்று இழுத்தான், அதற்கும் இப்போதே உள்ளூரில் பெயர் எழுதி வை, சீசன் வேலைக்கு வருகிற கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறான்.

நேற்று ராத்திரி போர்டு வாசகத்தைப் போனில் அனுப்பினான். "ஆட்கள் தேவை. ஆண், பெண், திருநங்கை, மாற்றுத்திறனாளி யாரும் வரலாம். முன்அனுபவம் இல்லாதவர்களுக்கு ஆறு இடம். எட்டு மணி நேர வேலை, இரண்டு ஷிப்ட்." கீழே சம்பளம் ரூபாயில் இருந்தது, 'நேரில்' என்று போடவில்லை. விண்ணப்பத்தையும் அனுப்பியிருந்தான், முகவரிக்குக் கீழே பழக்கத்தில் 'தெரு' என்று ஒரு கோடு வந்திருந்தது. அந்த முகவரிப் பகுதியையே எடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன், காலையில் எடுத்துவிட்டேன் என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நீடாமங்கலத்துக்கு ஒட்டுவதற்கு நானும் கூடப் போகிறேன்.